ஏழு நாளைக்கு ஒரு போத்தல்

அமுக்கராக் கிழங்குப் பொடியை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது, மேடம். சிலருக்குக் குமட்டும், சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு, வெதுவெதுப்பான பாலில், கால் கரண்டியில்தான் தொடங்க வேண்டும். பத்து நாள் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கூட்டலாம். இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டால் நிறுத்திவிட்டு இடைவெளி விட வேண்டும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். உங்களுக்கும் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது, கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. யாராவது இதை வாங்கிச் சாப்பிடச் சொன்னால் கேட்காமல் கொள்ளாமல் சாப்பிட்டுவிடாதீர்கள்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். பிரிக்ஃபீல்ட்ஸில் கமலநாதன் அண்ணனுடைய நாட்டு மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். வீடு கிள்ளானில். காலையில் கொமுட்டர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடந்து போவேன், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். பெயர் அமுதவள்ளி. வயது நாற்பத்தேழு. நான் சொல்வதையெல்லாம் நீங்கள் போலீஸ் ரிப்போர்ட்டாக மலாயில் எழுத வேண்டும் என்றீர்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை. வீட்டில் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

எங்கள் கடையில் அமுக்கரா வாங்க வருகிறவர்கள் இப்போது அதிகம். அந்தக் காலத்தில் வயதானவர்கள் கேட்பார்கள். இப்போது பங்சாரிலிருந்து ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் வந்து, “அக்கா, அஸ்வகந்தா இருக்கா? ஸ்ட்ரெஸ் கொறையுமாம்லா, இன்ஸ்டாகிராம்ல பாத்தேன்” என்பார்கள். எல்லாம் ஒரே கிழங்குதான். யார் கேட்டாலும் நான் மூன்று கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்க மாட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, பால் கொடுக்கிறீர்களா? கிளினிக்கில் வாங்கிய மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா, தைராய்டு, சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரை எதுவானாலும் சொல்லுங்கள். ஈரலில் எப்போதாவது கோளாறு வந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்று வந்தாலும், டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்க என்று அனுப்பிவிடுவேன். “அமுதா, நீ வியாபாரமா பாக்குற, போலீஸ் வேலையா பாக்குற?” என்று கமலநாதன் அண்ணன் கிண்டல் செய்வார். ஆனால் இந்த இருபத்திரண்டு வருடத்தில் என் கை வழியாக மருந்து வாங்கிப் போன ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

என் தம்பி யுகேந்திரன் கடைக்கு வந்து வாங்கியவன் இல்லை.

அவன் போன மாதம் பதினொன்றாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். முப்பத்தாறு வயது. நுரையீரலில் கிருமி என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கிட்னி போயிருந்தது. அந்தக் கிட்னி நான் கொடுத்தது. அது எப்படிப் போனது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அம்மா போகும்போது யுகாவுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பக்கம் போய்விடுவார். வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் குடிப்பார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். யுகாவைப் பள்ளிக்கு அனுப்பியது, தலை வாரியது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். என்னைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டாவதாக வந்தவர்கள், “தம்பியையும் கூட்டிக்கிட்டா வருவீங்க?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை.

அவனுக்கு இருபத்தெட்டு வயதில் கால் வீங்க ஆரம்பித்தது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நின்று நின்று வீங்குகிறது என்று நினைத்தான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு கிட்னியும் முடிந்துபோயிருந்தன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ் என்று ஆனது. கிள்ளானில் கடைவீட்டு மாடியில் ஒரு சென்டர். கமலநாதன் அண்ணனிடம் சொல்லி அந்த நாள்களில் மதியத்துக்குப் பிறகு லீவு வாங்கிக்கொண்டேன். நாலு வருடம் அப்படி ஓடியது.

அந்த நாலு வருடத்தைப் பற்றி நான் சொல்வதை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். மெஷினில் போட்டால் அவனுக்குக் குளிரும். வீட்டுப் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்திவிடுவேன். ஊசி குத்துகிற கையில் ரத்தக் குழாயை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடும். நான் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அவன் பேசிக்கொண்டே இருப்பான். வேலையிடத்துக் கதை, பள்ளிக்கூடத்துக் கதை, யாரோ ஒரு பெண் அவனை வேண்டாம் என்று சொன்ன கதை. இவ்வளவு பேசுகிறவன் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. நாலு மணி நேரம் முடிந்ததும் கீழே அஞ்சம்மாள் அக்கா கடையில் இரண்டு தோசை. “அக்கா, இன்னிக்கி ஒரு வடை சாப்பிடவா?” என்று கெஞ்சுவான். அளவு பார்த்து அரை வடை கொடுப்பேன். அவன் வேறு எங்கே போக முடியும்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினுக்கு வந்தே ஆக வேண்டும். மெஷினுக்கு என்னோடுதான் வருவான்.

பிறகு ஏன் கிட்னி கொடுத்தாய் என்று கேட்பீர்கள். ஒரு சனிக்கிழமை மெஷினிலேயே பிரஷர் இறங்கி மயங்கிவிட்டான். கண் விழித்ததும், “போதும் அக்கா, என்னால முடியல, விட்டுரு” என்றான். அதைக் கேட்டுவிட்டு எந்த அக்கா சும்மா இருப்பாள்? திங்கட்கிழமை காலையிலேயே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் போய் என் ரத்தத்தைப் பாருங்கள் என்று நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே கேட்டேன். எட்டு மாதம் சோதனை செய்தார்கள். பொருந்தியது. ஆபரேஷன் முடிந்து நான் நடக்க ஆரம்பித்த அன்று தள்ளாடிக்கொண்டே அவன் வார்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பை நிறைய மஞ்சளாகச் சிறுநீர். நாலு வருடமாகச் சொட்டுச் சொட்டாகக்கூட வராமல் போயிருந்தது. “அக்கா, பாரேன், உன்னோடது வேல செய்யுது” என்று அழுதான், சிரித்தான். அந்த நாளில் நான் கொடுத்தது உண்மையான அன்பு. அதில் எந்தக் கலப்படமும் கிடையாது. அதை யாரும் மறுக்க முடியாது.

அதற்குப் பிறகு அவன் நன்றாக ஆகிவிட்டான். அதுதான் நடந்தது.

முகத்தில் ரத்தம் ஏறியது. பேட்மின்டன் ஆடினான். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டான். அதே தொழிற்சாலை அலுவலகத்தில் அனுப்பிரியா என்று ஒரு பெண். நல்ல பெண்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் சட்டி கழுவ வந்துவிட்டாள். “அக்கா, உங்கள எனக்குக் கையெடுத்துக் கும்புடணும் போல இருக்கு, உங்களாலதான் எனக்கு இவரு” என்றாள். நான் சிரித்தேன். சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி நானே மறுபடி கழுவினேன்.

நீங்கள் இப்போது ஆச்சரியமாகப் பார்க்கிறீர்கள். தெரியும், ஷா ஆலம் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். கடல் தாண்டிப் போகவில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் இருக்கிறவன் வாரத்துக்கு ஒரு தடவை வந்தான், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தான். அவன் பிறந்தநாளுக்கு நாலு மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போய்விட்டான். இடையில் பாதி நேரம் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை மதியம் ஆனால் என் கால் தானாக ரயிலுக்குக் கிளம்பும். கிள்ளானில் இறங்கி அந்தச் சென்டர் மாடிப்படி வரைக்கும் போய்விடுவேன். அஞ்சம்மாள் அக்கா, “தம்பி எப்புடி இருக்காரு?” என்று கேட்பார். “ரொம்ப நல்லா இருக்கான்கா” என்று சொல்லிவிட்டு ஒரு தோசை சாப்பிட்டு வீட்டுக்கு வருவேன். தனிமை என்றால் என்ன என்று நாற்பத்தைந்து வயதில்தான் கற்றுக்கொண்டேன். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத் தெய்வம் என்றார்கள். தெய்வத்தைப் பார்க்க யாரும் தினமும் வருவதில்லை.

சத்துமாவு கேட்டவள் அனுப்பிரியாதான். “அக்கா, அவரு காலையில ஒண்ணும் சாப்பிடாம வேலைக்குப் போறாரு, நீங்க ஏதாச்சும் சொல்லுங்கலா” என்று போன் செய்தாள். நான் கேழ்வரகு, பச்சைப்பயறு, கம்பு, கொஞ்சம் பொட்டுக்கடலை, ஏலக்காய் எல்லாம் வறுத்து அரைத்தேன். டாக்டர் கொடுத்த சாப்பாட்டுத் தாளைப் பார்த்துத்தான் அளவு போட்டேன். சின்னப் போத்தலில் ஏழு நாளைக்குச் சரியாக வருகிற மாதிரி நிரப்பினேன். பெரிய போத்தலில் போட்டால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான். ஏழு நாள் போத்தல் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலிப் போத்தலோடு வந்தே ஆக வேண்டும். “பெருசா ஒண்ணு குடுத்துடேன்கா, பெட்ரோல் மிச்சம்” என்று கேலி செய்தான். மாவு பழசானால் வண்டு வைத்துவிடும் என்றேன். மூன்று மாதம் அந்த மாவில் மாவு மட்டும்தான் இருந்தது.

தை மாதத்தில் கல்யாணத் தேதி குறித்தார்கள். அனுப்பிரியா வீட்டில் வைத்துக் குறித்தார்கள். ஷா ஆலமில் அவர்கள் இருவரும் ஒரு வீடு பார்த்திருந்தார்கள், மூன்று அறை. “ஒரு ரூம் யாருக்குடா?” என்று கேட்டேன். “பிள்ளைங்களுக்கு” என்றான். கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் ஞாயிறு. மாவு அரைத்து முடித்ததும் கடையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த அமுக்கராப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு நாளைக்குக் கால் கரண்டி வீதம் கலந்தேன். பத்து நாள் தாண்டிய பிறகுதான் அடுத்த போத்தலில் கூட்டினேன். அரைக் கரண்டி, பிறகு ஒரு கரண்டி. கூட்டுவதில்கூட நான் முறை தவறவில்லை.

அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுத வேண்டுமே. ஒருவர் கிட்னியை இன்னொருவருக்கு வைத்தால் அந்த உடம்பு திருடன் புகுந்துவிட்டான் என்றுதான் நினைக்கும். உடம்பின் காவல்காரனைத் தூங்க வைக்கத்தான் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை. சாகிற வரைக்கும் சாப்பிட வேண்டும். அமுக்கரா அந்தக் காவல்காரனைத் தட்டி எழுப்பக்கூடியது. எல்லோருக்கும் எழுப்பிவிடும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எழுப்பலாம், எழுப்பாமலும் போகலாம். அந்தச் சந்தேகம் இருப்பதால்தான் அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறோம். எனக்கு அந்தச் சந்தேகம் வசதியாக இருந்தது. ஆண்டவன் வேண்டாம் என்று நினைத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். நான் கரண்டியை மட்டும்தான் போட்டேன், மற்றதை மேலே இருப்பவனிடம் விட்டுவிட்டேன்.

யுகா சாக வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைத்ததில்லை. அந்த மெஷின் திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

யுகாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? படிக்கிற காலத்தில் பள்ளி விட்டதும் ரயிலேறிக் கடைக்கு வந்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தவன். அமுக்கரா, குதிரை லாயம் மாதிரி நாற்றம் அடிக்கும். மூன்றாவது ஞாயிறு காலிப் போத்தலை நீட்டிக்கொண்டே கேட்டான்.

“அக்கா, இதுல அமுக்கரா போட்டிருக்கியா?”

“கொஞ்சம்தாண்டா. அசதி போகும், தூக்கம் நல்லா வரும்.”

“எனக்கு அது சாப்பிடலாமா?”

“ஆகாததுன்னா நான் குடுப்பேனா?”

“சரி சரி, கோச்சுக்காத. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா ஏசுவாங்க, அதான் கேட்டேன்” என்று சிரித்துக்கொண்டே புதுப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டான்.

நான் அவனிடம் பொய் சொல்லவில்லை, மேடம். திருப்பி ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

பொடி போட ஆரம்பித்து நாலாவது மாதம் ரத்தச் சோதனையில் கிட்னி எண் கூடியிருந்தது. பயந்துபோய் என்னைக் கூப்பிட்டான். அனுப்பிரியாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் கூடப் போனேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், தன்மையானவர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இரண்டு வேளை தவறிவிட்டது என்றான். பிறகு, “ஜாமு, நாட்டு மருந்து, இன்டர்நெட்டுல வாங்குன சத்து மாத்திரை ஏதாவது?” என்று கேட்டார். நான் மூச்சு விடுவதற்குள் யுகா, “இல்ல டாக்டர்” என்றான். என் பக்கம்கூடத் திரும்பவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த பையின் ஜிப்பைச் சரி செய்தேன்.

வெளியே வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டான். “சொல்லியிருந்தா உன்னயப் பிடிச்சு ஏசியிருப்பாங்கக்கா. கிட்னியும் குடுத்து, ஏச்சும் வாங்கணுமா நீ?” என்றான். நம் ஆள்களே அப்படித்தான், டாக்டரிடம் நாட்டு மருந்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். வெட்கம் ஒரு பக்கம், திட்டு விழுமே என்ற பயம் ஒரு பக்கம். கடையில் இந்தப் பழக்கத்துக்காக எத்தனை பேரைக் கடிந்திருக்கிறேன். என் தம்பி அதையே எனக்காகச் செய்தான். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்:

“அந்த மாவ நிப்பாட்டிடவாக்கா?”

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கு அவனை மறுபடி உள்ளே அழைத்துப் போய்ச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆரம்பத்திலேயே பிடித்தால் பிழைக்கும் என்று டாக்டரே பிறகு சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவுங்க கேட்டது ஜாமு, மருந்து. இது சாப்பாடுடா” என்றேன். தலையை ஆட்டினான். கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் என் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

இரண்டு மாதத்தில் ஊசி போட்டுக் கிட்னியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை ஏற்கவில்லை என்றார்கள். காப்பாற்றப் பெரிய பெரிய மருந்தெல்லாம் ஏற்றினார்கள். அப்போது நான் பொடி போடுவதை நிறுத்திவிட்டேன், அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. கிட்னி நின்றுபோனது. கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். யுகா அறையைக் காலி செய்துவிட்டு கிள்ளானுக்கே வந்துவிட்டான்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். முதல் செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் பெட்டியிலிருந்து அந்தப் போர்வையை எடுத்து வெயிலில் காயப் போட்டேன். பாட்டுக்கூட முனகியிருப்பேன். கமலநாதன் அண்ணனிடம் மறுபடியும் லீவு கேட்டேன், அவர் கண்ணீர் விட்டார். சென்டரில் அதே நாற்காலி காலியாக இருந்தது. போர்த்திவிட்டேன், கையில் விரலை வைத்தேன், விர்ரென்று ஓடியது. பேசுவான் என்று காத்திருந்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வியாழனும் பேசவில்லை, சனியும் பேசவில்லை. அஞ்சம்மாள் அக்கா கடையில் முழு வடையை வைத்தேன், தொடவில்லை. நாலாவது வாரம், மெஷினைப் பார்த்துக்கொண்டே, “மன்னிச்சிருக்கா. நீ குடுத்தத என்னால காப்பாத்த முடியல. உன் ஒடம்ப வெட்டி எடுத்தத நான் வீணாக்கிட்டேன்” என்றான்.

நான் அவன் தலையைத் தடவினேன். “போனது போகட்டும், விடுடா” என்றேன். அவனை மன்னித்தேன், மேடம். என் வாயால் அவனை மன்னித்தேன்.

அந்தப் பெரிய மருந்துகளில் அவன் உடம்பின் எதிர்ப்பெல்லாம் போயிருந்தது. இருமல் என்று ஆரம்பித்தது. ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் இருந்தான். கடைசியாகக் கண் திறந்தபோது அனுப்பிரியாவின் பெயரைத்தான் சொன்னான். அவள் வெளியே நின்றிருந்தாள். ஓடிப் போய்க் கூப்பிட்டு வந்தேன், அதை நான் செய்தேன். அவள் வருவதற்குள் மறுபடி மயங்கிவிட்டான்.

இல்லை, மேடம். “தெரியாம நடந்துச்சுன்னு எழுதிக்கவாக்கா?” என்று கேட்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. டாக்டர்கூட அப்படித்தான் சொன்னார். நேற்று அவரைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நிரூபிக்க முடியாது, மாத்திரை தவறியதாலும் இருக்கலாம், பொடியாலும் இருக்கலாம் என்றார். ஆனால் தெரியாமல் என்று எழுதாதீர்கள். எனக்குத் தெரியும் என்பதற்கு உங்களுக்கு ஒரு சாட்சி தருகிறேன்.

கம்போங் மேடானில் அமானுல்லா என்று ஒருவர், பள்ளி வேன் ஓட்டுகிறார். நான் அந்த முதல் கரண்டியைப் போடுவதற்கு இரண்டு வருடம் முன்னால், மனைவி சல்மாவோடு கடைக்கு வந்தார். உடம்பு அசதியாக இருக்கிறது, அமுக்கரா வேண்டும் என்றார். கேள்வி கேட்டுக்கொண்டே பொட்டலம் கட்டினேன், அவரே அதைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் என் இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தது. சல்மா அவருக்குக் கிட்னி கொடுத்திருக்கிறாள். நான் எட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

“அண்ணே, இது உங்களுக்கு ஆகாது.”

“நாட்டு மருந்துதானேம்மா, என்ன செஞ்சிரப் போகுது?”

“சல்மா குடுத்தத ஒடம்பே கடிச்சுத் துப்பிரும்ணே. டாக்டர கேக்காம இந்தக் கிழங்கத் தொடவே தொடாதீங்க.”

சல்மா கல்லாவைத் தாண்டிக் கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹரி ராயா பெருநாள் வந்தால் இன்னமும் அவள் வீட்டிலிருந்து கடைக்குப் பலகாரம் வரும். அமானுல்லா நன்றாக இருக்கிறார், வேன் ஓட்டுகிறார். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அந்த மருந்துக் கடைப் பெண் என்ன சொன்னாள் என்று. அவருக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. முதல் கரண்டியைப் போட்டபோது அந்த வார்த்தைதான் என் காதில் இருந்தது.

இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். அனுப்பிரியாவுக்காகத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். “அக்கா, நான்தான் அவரக் கொன்னுட்டேன்” என்றாள். அந்த இரண்டு வேளை மாத்திரை தவறியது கேமரன் மலைக்கு இருவரும் போனபோதாம். மருந்துப் பையை இவள்தான் மேசை மேல் மறந்து விட்டுவிட்டு வந்தாளாம். அதனால்தான் கிட்னி போனது என்று அவளுக்கு அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதில்லை. முந்தாநாள் அவளுடைய அம்மா போன் செய்து, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்று அழுதார்கள். போனேன். யுகாவின் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், “என்னாலதான் செத்தாரு, சாகுற வரைக்கும் இத நான்தான் சொமக்கணும்” என்கிறாள். வருகிறவர்கள் அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள். அவளை அணைத்துக்கொள்கிறார்கள். என்னையும் அவளுக்கு ஆறுதல் சொல்லச் சொன்னார்கள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வயிறு எரிந்தது.

பாவம், சின்னப் பெண். அவள் மேல் ஒரு பழியும் வரக் கூடாது, அதற்காகத்தான் நானே நடந்து வந்தேன். மலாயில் எழுதும்போது அவள் பெயர் எந்த வரியிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் பெயர் மட்டும் இருந்தால் போதும். யுகேந்திரனைக் கொன்றது அவனுடைய அக்கா அமுதவள்ளி, தெரிந்தே செய்தாள் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு அவனைத் தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, மேடம். ஐந்து வயதிலிருந்து அவனுக்கு எல்லாவற்றையும் செய்தவள் நான். இதை மட்டும் அவள் செய்தாள் என்றால் அது எப்படி?